தரையில் நன்றாக ஓடும் எஞ்சின், மேலே போனதும் கத்தி அணைகிறது (கன்ட்ரோல் லைன், ஓ.எஸ். 25 எல்.ஏ.)

பிரபு_பொள்ளாச்சி

எல்லோருக்கும் வணக்கம். காலேஜில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது கன்ட்ரோல் லைன் விமானம் (கம்பியில் கட்டி, கையில் பிடித்து வட்டமாகச் சுற்றவிடும் மாடல்) பறக்கவிடப் பழகினேன். வேலைக்குப் போனபின் விட்டுப்போயிற்று. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

மாடல்: பால்சா மரத்தில் செய்த ப்ரொஃபைல் (உடம்பு தட்டைப் பலகை), இறக்கை 42 அங்குலம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எஞ்சின் ஓ.எஸ். 25 எல்.ஏ., கன்ட்ரோல் லைனுக்கான வென்சுரி (காற்று உள்ளே போகும் குழல்) மாட்டியது. ப்ராப் 10க்கு 6 (விட்டம் 10 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 6 அங்குலம்). கம்பி 60 அடி. டேங்க் தகரத்தில் நானே பற்றவைத்தது, மூன்று குழாய்: ஒன்று எஞ்சினுக்கு, மற்ற இரண்டும் காற்றுக்கு. எரிபொருள் ஹாபி கடையில் ஆர்.சி.க்கு (ரேடியோவில் இயக்கும் மாடலுக்கு) என்று விற்பது. 10 சதவீதம் நைட்ரோ, 18 சதவீதம் ஆயில் என்று கேனில் போட்டிருக்கிறது. ஆயில் முழுக்க சின்தெடிக்.

தரையில் குறையே இல்லை. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகித் திருகி, உச்ச சத்தம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு விடுகிறேன். முதல் சில சுற்று அருமையாக இருக்கிறது. பிறகு சத்தம் மெலிந்து மேலே ஏறுகிறது, வேகமும் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் தொய்ந்து, படக்கென்று அணைந்துவிடுகிறது. இறங்கியதும் தொட்டால் தலை கொதிக்கிறது. டேங்கில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் அப்படியே மிச்சம் இருக்கிறது.

எஞ்சின் பழுதா? பிஸ்டன், லைனர் மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜன்_மதுரை

முதலில் ப்ளக்கைப் பாருங்கள் பிரபு. கழற்றி ஒன்றரை வோல்ட் கொடுத்தால் கம்பிச்சுருள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். சுருள் நெளிந்து வெள்ளையாக மங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி க்ளிப்பை எடுத்தவுடன் சத்தம் இறங்கினாலும் ப்ளக் மேல்தான் சந்தேகம். நூறு இருநூறு ரூபாயில் முடிகிற விஷயத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது.

கம்பிவட்டம்

ராஜன் சொன்ன ப்ளக் சோதனையைச் செய்துவிடுங்கள் தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எஞ்சினில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிஸ்டனையும் லைனரையும் தொடாதீர்கள். கன்ட்ரோல் லைனில் எஞ்சினைக் குறை சொல்லும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கோளாறு டேங்கிலும் குழாயிலும்தான் இருக்கும்.

ஆர்.சி.யில் பறக்கும்போது த்ராட்டில் கையில் இருக்கிறது, சத்தம் மாறினால் குறைத்துக்கொள்ளலாம். நமக்கு அது கிடையாது. தரையில் ஊசியை எங்கே வைத்தோமோ அதோடுதான் முழுப் பறப்பும். அதனால் தரையில் கேட்கும் சத்தத்தை வைத்து, மேலே போனபின் என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே கணிக்கத் தெரிய வேண்டும். ட்யூனிங் என்று நாம் சொல்வது அதைத்தான்.

உச்சத்தில் நிறுத்தி விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் முதல் சிக்கல். தரையில் நிற்கும்போது ப்ராப் நின்ற காற்றைக் கடைகிறது, பாரம் அதிகம். விமானம் ஓடத் தொடங்கியதும் அந்தப் பாரம் குறைந்து எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும். தரையிலேயே உச்சம் என்றால் மேலே போனதும் லீன் (காற்றுக்கு எரிபொருள் போதாமல்) ஆகத்தான் செய்யும். 10க்கு 6 ப்ராப் இந்த வித்தியாசத்தை இன்னும் பெரிதாக்குகிறது, 25க்கு அது கனமான சுமை. 9க்கு 4 மாட்டிப் பாருங்கள். சுற்று ஏறும், ஆனால் தரைக்கும் வானுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும், மூக்கை மேலே தூக்கும்போதும் தொய்யாது.

காதுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். ஊசியை நன்றாகத் திறந்து ரிச்சாக (எரிபொருள் அதிகமாக) ஓடவிட்டால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்காமல் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் வெடிக்கும். அதைத்தான் ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது என்கிறோம், டூ ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தாலும். வெடிப்பு பாதியாவதால் சத்தம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், மேல் ஸட்ஜத்திலிருந்து நடு ஸட்ஜத்துக்கு வருவதுபோல. பாட்டுப் பழகிய காதாக இருந்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் மாறி மாறிக் கேட்கும் ஓர் இடம் வரும். அதைத் தாண்டி மேல் ஸ்தாயி நிலையாக நின்றதும் நிறுத்துங்கள். உச்சத்துக்குப் போகவே வேண்டாம். டேக்கோமீட்டர் இருந்தால் ஒருமுறை உச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, அதிலிருந்து 300 முதல் 500 ஆர்.பி.எம். குறையும்வரை திறந்து வையுங்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன்.

பழைய ஃபாக்ஸ் 35 எஞ்சினைத் தரையில் முழு ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே விடுவார்கள். மட்டப் பறப்பில் கீழ் ஸ்தாயியில் போய்க்கொண்டிருக்கும், மூக்கைத் தூக்கியதும் டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவி இழுக்கும், மட்டத்துக்கு வந்ததும் பழையபடி இறங்கும். த்ராட்டில் இல்லாத எஞ்சின் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வதைக் கேட்பது பெரிய சந்தோஷம். 1940களின் கடைசியில் வந்த அந்த எஞ்சினுக்காக இன்றும் ஆட்கள் அலைவது அதனால்தான். உங்கள் 25க்கு அந்த முறை வேண்டாம். சின்ன பிட்ச் ப்ராப்போடு ஈரமான, அதாவது கொஞ்சம் ரிச்சான, டூ ஸ்ட்ரோக்கில் ஓடுவதுதான் அதற்குப் பொருந்தும்.

ஊசி வைத்தபின் இரண்டு சோதனை. எரிபொருள் குழாயை விரலால் ஒரு நொடி லேசாக அழுத்திவிட்டு விடுங்கள். சத்தம் ஏறி, பிறகு பழைய இடத்துக்கு வந்தால் இன்னும் ரிச் பக்கம் இடம் இருக்கிறது என்று அர்த்தம். அழுத்தியதும் ஏறாமல் தொய்ந்தால் ஏற்கெனவே லீன். அடுத்து, உதவிக்கு வந்தவரை விமானத்தை மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் எஞ்சின் மூச்சுத் திணறாமல் ஓட வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத எஞ்சினை நான் விடவே மாட்டேன். எப்போதும் ப்ராப்புக்குப் பின்னால் நின்று ஊசியைத் தொடுங்கள், முன்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ கையை நீட்ட வேண்டாம். நம் எரிபொருளில் இருக்கும் மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று கிடக்கட்டும்.

இனி உங்கள் டேங்க். நோய் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்பி 60 அடி, அதோடு உங்கள் கையும் பாதி இறக்கையும் சேர்த்தால் ஆரம் சுமார் 19 மீட்டர். சுற்றளவு 120 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5.3 விநாடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் அந்த வட்டத்தில் சுற்றும்போது டேங்கிலிருக்கும் எரிபொருளை வெளிப்பக்கம் தள்ளும் விசை, புவியீர்ப்பைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எரிபொருளுக்கு அப்போது 'கீழே' என்பது தரையல்ல, வெளிப்பக்கச் சுவர். டேங்க் 5 செ.மீ. அகலம் என்றால், மட்டம் உட்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு நகர்வது தரையில் 14 செ.மீ. மட்டம் இறங்கியதற்குச் சமம். டேங்க் காலியாகக் காலியாக எஞ்சின் அந்த அளவுக்கு எக்கி உறிஞ்ச வேண்டியிருக்கிறது. முதல் சில சுற்று அருமை, பிறகு சத்தம் மெலிகிறது, வேகம் ஏறுகிறது, சூடாகி அணைகிறது என்று எழுதினீர்களே, அத்தனையும் இதில் அடங்கிவிடும்.

இதற்கு மருந்து யூனிஃப்ளோ. காற்றுக்கான இரண்டு குழாயில் ஒன்றை நீட்டி, அதன் உள்முனை எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாய்க்கு அருகிலேயே, வெளிச்சுவரை ஒட்டி, ஒரு செ.மீ.க்குள் முன்னால் இருக்கும்படி பற்றவையுங்கள். வெளிமுனை காற்றை எதிர்த்து முன்பக்கம் பார்க்கட்டும், அல்லது மஃப்ளரில் அழுத்தக் குழாய் இருந்தால் அதில் இணையுங்கள். மூன்றாவது குழாய் நிரப்பும்போது வழிவதற்கு மட்டும். பறக்கும் முன் அதற்கு மூடி போட்டுவிட வேண்டும், மறந்தால் யூனிஃப்ளோ வேலை செய்யாது. இப்படிச் செய்தால் காற்று எரிபொருளுக்கு அடியில் வந்து நுழைகிறது. டேங்க் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் எஞ்சினுக்குத் தெரிவது அந்த முனையின் மட்டம் மட்டும்தான். கடைசிவரை ஒரே ஓட்டம்.

பற்றவைக்கும் முன் டேங்கைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவையுங்கள். உள்ளே மெத்தனால் ஆவி இருந்தால் சோல்டரிங் அயர்ன் பட்டதும் வெடிக்கலாம். முடித்தபின் இரண்டு குழாயை அடைத்து, மூன்றாவதில் சிரிஞ்சால் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஒரு குமிழிகூட வரக்கூடாது. எஞ்சினுக்குப் போகும் குழாய் டேங்குக்குள்ளே விரிசல் விட்டிருப்பதும் உண்டு, அது இந்தச் சோதனையில் தெரியாது. அந்தக் குழாயில் ஊதிப் பார்க்கும்போது குமிழி முனையிலிருந்து வராமல் நடுவிலிருந்து வரும். மூடியைப் பிரித்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஆயில் பற்றி ஒன்று. 18 சதவீதம் முழு சின்தெடிக் நம் வேலைக்குப் போதாது. லீன் ஆகிச் சூடேறும் நேரத்தில் சின்தெடிக் படலம் போய்விடும், விளக்கெண்ணெய் நின்று காப்பாற்றும். ஒரு லிட்டருக்கு 50 மில்லி சேருங்கள். ஆயில் மொத்தம் 230 மில்லி ஆகும், 1050 மில்லியில் கிட்டத்தட்ட 22 சதவீதம். மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான விளக்கெண்ணெயாக இருக்க வேண்டும். பூஜை சாமான் கடையில் விளக்குக்கு விற்பது வேண்டாம், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம். உலகத்திலேயே அதிகம் ஆமணக்கு விளையும் நாட்டில் இருக்கிறோம், நல்லதாகத் தேடி வாங்குங்கள். எரிபொருளையே வீட்டில் கலக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். கடையில் கலந்து வருவதையே வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் டேங்க். பறந்து பாருங்கள். பிறகு ப்ராப். எது எதைச் சரிசெய்தது என்று தெரிந்தால்தான் அடுத்த எஞ்சினுக்கு அது உதவும்.

பிரபு_பொள்ளாச்சி

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ப்ளக் நன்றாகத்தான் எரிகிறது. டேங்கை யூனிஃப்ளோ ஆக்கினேன், ஊசியை நீங்கள் சொன்னபடி மேல் ஸ்தாயி நின்ற இடத்தில் வைத்தேன் (வீட்டில் அம்மா பாட்டு டீச்சர், அந்த விளக்கம் உடனே புரிந்தது). எரிபொருள் தீரும்வரை அணையவில்லை! விளக்கெண்ணெயும் சேர்த்துவிட்டேன். புகை வாசனையே மாறிவிட்டது, பழைய ஏர் விங் மைதானம் ஞாபகம் வந்தது.

ஆனால் புதிதாக ஒன்று. நேராகப் பறக்கும்போது சுற்றுக்கு 5.5 விநாடி, தலைகீழாகப் பறக்கும்போது 5.1. நண்பன் ஸ்டாப்வாட்சில் எடுத்தான். தலைகீழில் சத்தமும் மேலே போகிறது. இதற்கும் டேங்க்தான் காரணமா? இன்னொன்று, குழாயில் சின்னச் சின்னக் குமிழிகள் ஓடுவது தெரிகிறது.

கம்பிவட்டம்

தலைகீழில் நேரம் எடுத்துப் பார்க்கத் தோன்றியதே, அதற்காக உங்கள் நண்பருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். காது ஏமாறும், ஸ்டாப்வாட்ச் ஏமாறாது.

ஆமாம், டேங்க்தான், ஆனால் இந்தமுறை அதன் உயரம். நேராகப் பறக்கும்போது டேங்கின் நடுமட்டம் வென்சுரித் துளையைவிட மேலே இருந்தால் எரிபொருள் தானாகவே கொஞ்சம் இறங்கிவரும், ரிச். தலைகீழானால் அதே டேங்க் துளைக்குக் கீழே போய்விடுகிறது, எஞ்சின் மேல்நோக்கி உறிஞ்ச வேண்டும், லீன். உங்களுக்கு நேரில் மெதுவு, தலைகீழில் வேகம். ஆகவே டேங்க் உயரமாக இருக்கிறது, சக்கரத்தின் பக்கம் இறக்குங்கள். ஒரேயடியாக இல்லாமல் ஒன்றரை மி.மீ. இறக்கிப் பறந்து, நேரம் எடுத்து, மறுபடி ஒன்றரை மி.மீ. இரண்டு நேரமும் 0.1 விநாடிக்குள் வந்துவிட்டால் அந்த இடத்தில் டேங்கை நிரந்தரமாகப் பொருத்திவிடலாம்.

உயரம் அளப்பதில் பலர் சறுக்குவார்கள். ஊசி எஞ்சினுக்குப் பின்னால் தனியாக இருந்தால் அதிலிருந்து அளக்காதீர்கள். வென்சுரிக்குள் எரிபொருள் வெளிவரும் துளை எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு.

டேங்க் இறங்கியதும் நேர்ப்பறப்பு கொஞ்சம் லீன் பக்கம் வரும். அதற்காக உடனே ஊசியில் கை வைக்காதீர்கள். முதலில் உயரம் சரியாகட்டும். ஊசி கடைசியில்.

குமிழிக்குக் காரணம் இரண்டில் ஒன்று. ப்ரொஃபைல் உடம்பு மெல்லிய பலகை, எஞ்சின் அதிர்வில் எரிபொருள் நுரைத்துவிடும். டேங்குக்கும் உடம்புக்கும் இடையில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வைத்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள், இறுக்கி நசுக்க வேண்டாம். எஞ்சின் போல்ட்டுகளையும் ப்ராப் பேலன்ஸையும் பாருங்கள். அதிர்வு பாதி அங்கிருந்தே வருகிறது. அதற்குப் பிறகும் குமிழி வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. ஊசியின் மரையைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது மரை மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். ஊசியின் மேல் பொருந்தும் அளவில் சிலிகான் குழாய் துண்டு ஒன்றைச் செருகினால் அடைபடும்.

காலையில் வைத்த ஊசி மதியத்துக்குப் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். வெயில் ஏறக் காற்று இளகும், அதே ஊசியில் எஞ்சின் ரிச் ஆகும். பொள்ளாச்சியில் ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் வித்தியாசம் காதில் கேட்கிற அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு பறப்புக்கும் முன் அந்த ஒரு நொடி அழுத்தும் சோதனையைச் செய்தால் போதும்.

பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று எழுதவில்லையே? நம் கையில் இருப்பது எஃகுக் கம்பி. தோட்டங்களுக்கு நடுவே மோட்டார் இணைப்புக் கம்பிகள் தாழ்வாகப் போகும். வட்டத்துக்கு வெளியிலும் தாராளமாக இடம் விட்டு நில்லுங்கள். மேகம் இடித்தால் கைப்பிடியைக் கீழே வைத்துவிடுங்கள். இதில் சமாதானமே கிடையாது.

சாந்தி_பெங்களூரு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பா வைத்திருந்த 2.5 சி.சி. டீசல் எஞ்சின் என்னிடம் இருக்கிறது, ஊசியோடு தலையில் ஒரு கம்ப்ரெஷன் திருகும் உண்டு. டேங்க் விஷயத்தில் இதே கணக்குதானா? எதை முதலில் திருகுவது என்று புரியவில்லை.

கம்பிவட்டம்

டேங்க் கணக்கு அப்படியே பொருந்தும் அம்மா. யூனிஃப்ளோ, உயரம் எல்லாம் ஒன்றுதான். நான் பழகியதே ஏர் விங்கில் டீசல் எஞ்சினில், அதனால் கேட்டதில் மகிழ்ச்சி.

பல வருடம் கிடந்த எஞ்சின் என்றால் பழைய விளக்கெண்ணெய் கோந்துபோல இறுகியிருக்கும். பலவந்தமாகச் சுற்ற வேண்டாம். ஹேர் ட்ரையரில் சூடுகாட்டி, மெல்லிய ஆயில் விட்டு, கையால் மெதுவாக அசைத்து விடுவியுங்கள். கம்ப்ரெஷன் திருகைக் கால் சுற்று தளர்த்திக்கொண்டு, ஊசியைத் தாராளமாகத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். ப்ராப்பைச் சுற்றும்போது கட்டியாக முட்டி நின்றால் சிலிண்டரில் எரிபொருள் தேங்கியிருக்கிறது, பலம் கொடுத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்போது திருகை இன்னும் தளர்த்தி, தேங்கியதை வெளியே தள்ளிய பிறகு சுற்றுங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஊசியைக் கொஞ்சம் மூடி, விட்டு விட்டு வெடித்தால் கம்ப்ரெஷனைக் கொஞ்சம் ஏற்றி, இப்படி மாறி மாறிப் போங்கள். திணறி, சூடேறி, சுற்று குறைந்தால் கம்ப்ரெஷன் அதிகம், உடனே தளர்த்துங்கள். சீராக ஓடும் இடத்தில் எவ்வளவு குறைந்த கம்ப்ரெஷனில் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. எஞ்சின் சூடானதும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். அதிர்வில் அந்தத் திருகு தானாக நகரவும் செய்யும், பூட்டும் நட்டு இருக்கிறதா பாருங்கள்.

எரிபொருளுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு என்பது பழைய எஞ்சின்களுக்குப் பழகிய அளவு. ஈதரைக் கையாள்வது விளையாட்டில்லை, ஆவி தரையோடு பரவித் தூரத்து நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊரில் டீசல் பறக்கவிடுகிற யாராவது இருந்தால் முதல் ஓட்டத்துக்கு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் பெயரும் அடியில் ஏதாவது எண்ணும் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், ப்ராப் அளவு சொல்கிறேன்.

பிரபு_பொள்ளாச்சி

அண்ணா, டேங்கை இருமுறை இறக்கினேன். நேர் 5.4, தலைகீழ் 5.3. சைக்கிள் ட்யூப் வைத்ததும் குமிழி நின்றுவிட்டது. மின்கம்பி வடக்கு ஓரத்தில் ஒன்று இருக்கிறது, வட்டத்தை மைதானத்தின் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டோம். 9க்கு 4 ப்ராப் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் நேரம் எடுத்து எழுதுகிறேன்.